அறுபத்தொன்று

திரையின் வலது மூலையில்
பேட்டரிப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.
மாற்றுவதைப் பற்றி யோசிக்கவும், என்கிறது.
யோசிக்கவும்.
என்ன மரியாதை பாருங்கள்,
எங்கள் வீட்டில் என்னிடம் யாரும்
இப்படிச் சொன்னதில்லை.

யோசித்தேன், தை முழுக்க.
மாசியில் அணைத்துப் போட்டால் மறந்துவிடும் என்று
அணைத்துப் போட்டேன். மறக்கவில்லை.
பங்குனியில் திரை வெளிச்சத்தைக் குறைத்து
எறாவையும் எண்ணூறையும் ஒன்றாய்ப் படித்து
ஒரு கூலியாளுக்குக் கூடுதல் பங்கு எழுதினேன்.
அவர் திருப்பித் தரவில்லை.

பதினோரு விசைப்படகுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
டீசல், ஐஸ், வலை, முன்பணம், ஆள் பங்கு.
முதுநகர்த் துறைமுகத்தில் விடிய மூன்று மணிக்கு
ஏலம் முடிவதற்குள் கூட்டிச் சொல்ல வேண்டும்.
அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது.
இருந்த ஒன்றில் டீக்கடைக்காரர்
பாட்டு வைத்திருக்கிறார்.

லாரன்ஸ் ரோட்டில் செருப்புக் கடைக்கு மேலே,
ரயில் போனால் ஸ்க்ரூவெல்லாம் நடுங்கும் மேசையில்
ஜியாவுதீன் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து
இரண்டு வார்த்தை தட்டினான்.
பிறந்தபோது கொள்ளளவு நாற்பத்தோராயிரம்,
இன்றைக்கு இருபத்தைந்தாயிரம்.
"அறுபத்தோரு சதவீதம்க்கா."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கடற்கரையில் அறுபத்தொன்று என்றால்
தடைக்காலம்.
அத்தனை நாள் உப்பனாற்றில் படகுகள் கட்டிக் கிடக்கும்,
பெயிண்ட் சுரண்டுவார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள்.
ஆறு வருடத்தில் இதற்கு நான்
ஒரு நாள் தடை போட்டதில்லை.

அறிக்கை கீழே போய்க்கொண்டே இருந்தது,
வாரம் வாரமாய்த் தேய்ந்த கணக்கு.
கார்த்திகையில் ஒரு வாரம் பொத்தென்று விழுந்திருக்கிறது.
அது புயல் வாரம். சோனங்குப்பத்தில் கரண்ட் இல்லை.
மாசிலாமணியின் படகு பேட்டரியிலிருந்து வயர் இழுத்து
நாற்பது வீட்டுக்கு நிவாரணப் படிவம் நிரப்பினேன்.
இன்னொரு வாரம், கோடு அசையவே இல்லை.
நான் இதைத் தொடாத வாரம்.
"இது என்னக்கா?" என்றான்.
லீவு, என்றேன்.

பிறகு அவன் விரலை வைத்து அழுத்திக் காட்டினான்.
தொடுபலகை ஒரு பக்கம் மேடு கட்டியிருந்தது,
மேசையில் வைத்தால் ஆடிற்று.
"உப்பிடுச்சு. இதுக்கு மேல யோசிக்காதீங்க."

கையிலிருப்பது இரண்டாயிரத்து நானூறு,
ஆறு மாசம் வாரண்டி, "ஓடும்க்கா".
ஒரிஜினல் ஆறாயிரத்து எண்ணூறு,
வந்து சேரப் பத்து நாள்.
வீட்டில், புதுசே வாங்கித் தொலை, தவணையில்.

இந்த மாதிரி விஷயத்துக்கு நான்
சாமியிடம் பூக்கட்டிப் பார்ப்பதில்லை.
பழைய பக்கங்களைப் புரட்டுவேன்.
மாசிலாமணி போன வருடம்
மலிவாய் ஒரு டீசல் பம்ப் போட்டார்.
மிச்சம்: நாலாயிரம்.
பரங்கிப்பேட்டைக்கு நேரே நின்றுபோன படகை
இழுத்துவந்த கூலி: பதினெட்டாயிரம்.
இரண்டும் என் கையெழுத்து.

ஒரிஜினல், என்றேன்.
பழையதைக் கழற்றி, பச்சைப் பிள்ளையைப்போல் ஏந்திப் போய்
மணல் வாளியில் புதைத்தான்.

சித்திரை நடுவில் பத்து நாள்
வயர் இருந்தால்தான் உயிர் என்று கிடந்தது.
செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது,
பாதிக் கூட்டலில் இருட்டு.
பரவாயில்லை, அது போன வருடத்துக் கூட்டல்.
கட்டிக் கிடக்கிற காலத்தில் எல்லாமே
கட்டித்தான் கிடக்கின்றன.

வைகாசி கடைசி இரவு.
பதினோரு படகும் முகத்துவாரம் தாண்டின.
காலி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து
வயர் இல்லாமல் திறந்தேன்.
மூலையில் சிவப்பு இல்லை,
எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
புது வருடக் கணக்கின் முதல் பக்கம்.
வரவு: இன்னும் கடலில்.
செலவு: ஆறாயிரத்து எண்ணூறு.
இதை யார் பங்கில் எழுதுவது
என்றுதான்
யோசிக்கிறேன்.